ஆங்கில உயிர்களிற் குறிலும் நெடிலும்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் தமிழ்ச் சிறுவனுக்கு ஆசிரியர் முதற்கண் கூறும் செய்திகளுள் ஒன்று, அம்மொழியின் உயிரெழுத்து ஒவ்வொன்றற்கும் குறிலோசை, நெடிலோசை என இரண்டு உண்டு என்பதாம். சிறுவன் மகிழ்கின்றான். குறிலும் நெடிலும் அவனுக்குப் புதியவை அல்ல. அரிச்சுவடியிலேயே அவற்றைக் கற்றவன். ஒன்றைச் சிறிது நீட்டினால் மற்றொன்று கிடைக்கும் என்று துணிந்து படிக்கப் புகுகின்றான். இகரத்தின் நெடில் ஈகாரம் என அறிந்தவனாதலின், பைன் என்று படித்தற்குரிய சொல்லைப் பீன் என்று படிக்கின்றான். வகுப்பு நகைக்கின்றது. அன்று மூடிய வாய் கல்லூரிக்கு வந்த பின்னரும் எளிதில் திறவாதிருத்தலை நாம் கண்டிருக்கின்றோம். அச்சிறுவன் செய்த குற்றம் யாதெனின், ஆசிரியர் கூறிய சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் கூறும் பொருளைக் கொண்டமையே. குறில், நெடில் என்னும் நம் சொற்கள் ஆங்கிலத்திற்குச் சென்றவுடன் பொருள் மாறிவிடுகின்றன. அம்மாற்றத்தின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். ஆங்கில எழுத்தின் பெயரை மேற்கோட்குறியுள் இடுவாம், தமிழ் எழுத்தைச் சாரியை கொடுத்துக் கூறுவாம், இரண்டும் மயங்காதிருத்தற்பொருட்டு.

தமிழிற் குறில் என்பதும் நெடில் என்பதும் காலவளவு பற்றிய பெயர்கள். கண்ணிமைத்தற்கும் கை நொடித்தற்கும் ஆகும் பொழுதை ஒரு மாத்திரை என்று கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு எனத் தொல்லாசிரியர் வகுத்தனர். கல், கால், படம், பாடம், கொடு, கோடு: இவ்விணைகளில் வாயின் நிலை பெரிதும் வேறுபடுவதில்லை, பொழுதே வேறுபடுகின்றது. அப்பொழுது வேறுபடின் பொருளும் வேறுபடும். ஆகலின் தமிழன் செவி மாத்திரையை அளக்குந் தராசு எனலாம்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. உயிரொலிக்கு உரிய எழுத்துக்கள் ‘ஏ’, ‘ஈ’, ‘ஐ’, ‘ஓ’, ‘யூ’ என ஐந்தே. ‘ஒய்’ சிலவிடங்களில் துணை செய்யும். தென்னிங்கிலாந்துக் கற்றோர் வழக்கில் உயிரொலிகளோ இருபதளவின. ஐந்து பாத்திரங்களில் இருபது பண்டங்களைப் பெய்து வைத்தாற்போன்ற இந்நிலையில், பள்ளி ஆசிரியர் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு ஒலிகளையேனும் வரையறுத்துக் கூற விரும்பி, அவற்றிற்குக் குறில், நெடில் எனப் பெயரிட்டனர். எழுத்துத் தன் பெயரையே ஒலிக்குமாயின் அது நெடில், அன்றாயின் குறில். குண்டூசியைக் குறிக்கும் பின் என்பதில் ‘ஐ’ குறில். ஏங்குதலைக் குறிக்கும் பைன் என்பதில் அதுவே நெடில். பின் என்பதை எத்துணை நேரம் நீட்டினும் அது பைன் ஆகாது. ஒன்று ஓரிடத்தே நிற்கும் ஒலி. மற்றொன்று ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடியும் ஒலி. இல்லை என்னும் பொருளுடைய நாட் என்பதை நீட்டிக் குறிப்பு என்னும் பொருளுடைய நோட் என்பதைப் பெறுதலும் இயலாது.

நம் செவியே இதற்குச் சான்று பகர்கின்றது. நாம் பயிலும் இக்கழகத்தை மக்கள் காலேஜ் என்று வழங்குகின்றனர். தமிழில் எழுதுங்கால் காகாரமும் லேகாரமும் இரண்டும் நெடில். ஆங்கிலப் பள்ளி ஆசிரியரைக் கேட்பின், அச்சொல்லில் உள்ள ‘ஓ’வும் குறில், பின்னதாகிய ‘ஈ’யும் குறில், நெடிலே இல்லை என்பர். ஆபீஸ் என்பதும் அத்தகையதே. டாக்டர் என்பதன் முதலுயிரும் ஆங்கிலத்திற் குறில், நமக்கு ஆகாரம். தமிழன் செவி மாத்திரையை அளக்கத் தெரியாத செவியா? அன்று. ஆங்கிலர் வாயில் அவ்வொலி தோன்றும் இடம் நம் ஒகரத்தைவிட ஆகாரத்திற்கு அணித்தாயிருந்தது. மாத்திரை ஒருபுறம், ஒலியின் தன்மை ஒருபுறம் என்று இரண்டும் முரணியபோது, ஏட்டிலக்கணம் கல்லாத மக்களும் மாத்திரையை விடுத்துத் தன்மையையே பற்றினர். ஆங்கில உயிர்களை வேறுபடுத்துவது முதன்மையாகத் தன்மையே என்பதை அவர்கள் செவி கண்டுகொண்டது.

‘ஏ’ என்னும் எழுத்தின் குறிலோ நம்மை மேலும் அலைக்கின்றது. அது நம் அகரமும் அன்று, எகரமும் அன்று, இரண்டிற்கும் இடைப்பட்டது. நம்மவர் அதனை ஒருகால் ஆகாரமாகவும் ஒருகால் ஏகாரமாகவும் எழுதுகின்றனர். தொப்பியையும் ஹேட் என்று எழுதி, வெறுப்பையும் ஹேட் என்று எழுதினால், குறில் எது, நெடில் எது? பூனையும் வாயிற்கதவும் கேட் என ஒன்றாகிவிடுகின்றன.

இனி, ஆங்கிலத்தில் ஒலிநீளமே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அதனை ஆள்வது பெரும்பாலும் பின்வரும் மெய்யே. இலையைக் குறிக்கும் லீஃப், நீங்குதலைக் குறிக்கும் லீவ், வாழ்தலைக் குறிக்கும் லிவ் என்னும் மூன்றையும் ஒப்பிடுக. முதலிரண்டிலும் உயிர் ஒன்றே. எனினும் லீஃப் என்பதில், பின்னுள்ள மெய் குரலற்றதாதலின், உயிர் குறுகி வெட்டுண்டு நிற்கும். லீவ் என்பதில் மெய் குரலுடையதாதலின் உயிர் நீளும். குறில் எனப்படும் லிவ் என்பதன் உயிர், நெடில் எனப்படும் லீஃப் என்பதன் உயிரோடு பொழுதளவில் ஏறத்தாழ ஒத்து நிற்கும். அவ்வாறாயினும் ஆங்கிலன் இரண்டையும் மயங்கான்; தன்மை வேறாகலின். இது நமக்கு விளங்காததன்று. ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் தன் மாத்திரையிற் குறுகுதலை ஐகாரக்குறுக்கம் என்றும், உகரம் வல்லெழுத்தின்மேல் ஏறிக் குறுகுதலைக் குற்றியலுகரம் என்றும் நம் இலக்கணம் கூறவில்லையா? குறுகியும் ஐகாரம் ஐகாரமே. லீஃப் என்பதில் உள்ளதை ஈகாரக்குறுக்கம் என்று கொள்ளுவார்க்கு இடரில்லை.

அங்ஙனமாயின், காலவளவைக் குறிக்கும் பெயரை ஆங்கிலர் தம் உயிர்களுக்கு இட்டது ஏன்? ஒருகாலத்தில் அப்பெயர் முற்றும் பொருந்தியிருந்தது. 1400இல் இறந்த சாஸர் என்னும் புலவர் காலத்தில், பெயரைக் குறிக்கும் சொல் நாமெ என்று ஒலித்தது. காலத்தைக் குறிக்கும் சொல் டீமெ என்றும், வீட்டைக் குறிப்பது ஹூஸ் என்றும், திங்களைக் குறிப்பது மோன் என்றும், காண்டலைக் குறிப்பது சே என்றும் ஒலித்தன. அக்காலத்துக் குறிலும் நெடிலும் பெரும்பாலும் நம்முடையன போன்ற இணைகளாகவே இருந்தன. பின்னர், ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை, நெடில்கள் யாவும் இடம் பெயர்ந்தன. நாவின் நிலையைப் படிக்கட்டாகக் கருதினால், ஒவ்வொரு நெடிலும் ஒரு படி மேலேறிற்று எனலாம். ஆகாரம் ஏகாரமாயிற்று: நாமெ நேம் ஆயிற்று. ஏகாரம் ஈகாரமாயிற்று: சே சீ ஆயிற்று. ஓகாரம் ஊகாரமாயிற்று: மோன் மூன் ஆயிற்று. மேற்படியில் நின்ற ஈகாரமும் ஊகாரமும் ஏறுதற்கு இடமின்றி ஐகாரமாகவும் ஔகாரமாகவும் விரிந்தன: டீமெ டைம் ஆயிற்று, ஹூஸ் ஹௌஸ் ஆயிற்று. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்ஸன் 1909இல் வெளியிட்ட தம் இலக்கண நூலில் இதற்குப் பேருயிர்ப் பெயர்ச்சி என்னும் பொருளுடைய பெயரை வழங்கினார். அதுவே இன்றும் நிலவுகின்றது. குறில்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகவே உடன்பிறந்த இணைகள் பிரிந்தன. இகரத்தின் இணை ஐகாரமாகி எங்கோ சென்றுவிட்டது. நெடில் என்னும் பழம்பெயர் மட்டும் அதனைப் பின்தொடர்ந்தது.

பெயர்ச்சி ஒரே நாளில் நிகழ்ந்ததன்று என்பதற்குத் தேயிலை ஒரு சான்று. அலெக்ஸாந்தர் போப் தம் கவிதையொன்றில், இன்று டீ என ஒலிக்கும் சொல்லை, கீழ்ப்படிதலைக் குறிக்கும் ஒபே என்னும் சொல்லோடு இயைபாக அமைத்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது டே என்றே ஒலித்தது. சீனத்துத் தென்கரை வழக்கிலிருந்து வந்த அச்சொல்லின் ஏகாரம், நம் தேயிலையில் இன்றும் அழியாது இருக்கின்றது. ஆங்கிலன் கோப்பையில்தான் ஈகாரமாயிற்று. பெருமையைக் குறிக்கும் கிரேட், உடைத்தலைக் குறிக்கும் பிரேக் என்பன போன்ற சில சொற்கள் அவ்வெழுத்துக்கோவையையே உடையனவாயிருந்தும் ஏறாது பழைய படியிலேயே நின்றுவிட்டன.

மற்றொரு சான்று நம் ஆலயத்திலேயே உள்ளது. ஆங்கிலர் ஆண்டவரைக் கிறைஸ்ட் என்பர். அவர் பிறந்த திருநாளைக் கிறிஸ்மஸ் என்பர். எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. தனிச்சொல்லில் நெடிலாயிருந்த ஈகாரம் பெயர்ந்து ஐகாரமாயிற்று. தொடர்ச்சொல்லில் மெய்கள் பல நெருங்கி வந்தமையால் அது முன்னரே குறுகிவிட்டது. குறுகியது பெயர்ச்சிக்கு உட்படவில்லை. தூய்மையைக் குறிக்கும் ஹோலி என்பதற்கும் விடுமுறையைக் குறிக்கும் ஹாலிடே என்பதற்கும் உள்ள உறவும் இத்தகையதே. விடுமுறை என்பது முதலில் திருநாளே அன்றோ? டிவைன், டிவினிட்டி, சைல்ட், சில்ட்ரன், கீப், கெப்ட், வைஸ், விஸ்டம் என்று இவ்வரிசை நீண்டு செல்லும். மனப்பாடம் செய்து அலுத்த மாணவர் இவற்றை ஒழுங்கின்மை என்று வெறுப்பர். ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவை என்று அறிந்தபின் வெறுப்புக்கு இடம் குறையும்.

ஒலி இவ்வாறு அலைந்துகொண்டிருக்கையில், எழுத்து நிலைபெறத் தொடங்கிற்று. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். பெயர்ச்சி முற்றுப்பெறும் முன்னரே அச்சு வந்து, பழைய ஒலிக்குரிய எழுத்துக்களைக் காலப்போக்கில் உறையச் செய்துவிட்டது. நாமெ என்பதன் இறுதியில் ஒலித்த ‘ஈ’ ஒலிப்பொழிந்தும் எழுத்தில் நின்றது. பயனற்று நிற்பதை ஏதேனும் பயனுக்கு ஆக்கிக்கொள்ளுதல் அறிவுடைமை. லண்டன் பள்ளித் தலைமையாசிரியராயிருந்த ரிச்சர்டு மல்காஸ்டர் 1582இல் வெளியிட்ட நூலில், அவ்வூமை எழுத்து முன்னுள்ள உயிரை நெடிலெனக் காட்டும் குறியாதலை எடுத்துரைத்தார். பின் என்பதன் இறுதியில் ‘ஈ’யைச் சேர்த்தாற் பைன் ஆதல் அவ்வழியே வந்த முறை.

குறிலைக் காட்டுதற்கு மற்றொரு முறை எழுந்தது. அது மெய்யை இரட்டித்தல். ஈண்டுத் தமிழ் மாணவர் மகிழ்தற்குரிய ஒப்புமை ஒன்று உளது. கல் என்பதனோடு ஆறு சேரின் கல்லாறு என இரட்டிக்கும். பால் என்பதனோடு ஆறு சேரின் பாலாறு என இரட்டாது நிற்கும். தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வரின் இரட்டும் என்பது நாம் அறிந்த விதி. ஆங்கிலத்திலும் குண்டூசி குத்துதலாகிய பின் என்பதன்மேல் உயிர்முதல் விகுதி வரின் எழுத்தில் மெய் இரட்டும். ஏங்குதலாகிய பைன் என்பதன்மேல் வரின் இரட்டாது. நன்னூல் கற்றவனுக்கு இவ்விதியைத் தனியே கற்பித்தல் வேண்டா. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கல்லாற்றில் இரண்டு லகரமும் ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலோ இரட்டை மெய் கண்ணுக்கு மட்டும் உரியது, நாவுக்கு உரியதன்று. அவர்கள் பினிங் என்பர். நாம் பின்னிங் என்கின்றோம். கோடையைச் சம்மர் என்றும், மாலையுணவை டின்னர் என்றும் நாம் அழுத்திக் கூறுவதும், அவர்கள் சமர், டினர் என்று ஒற்றையாய்க் கூறுவதும் இதனாலே. இரட்டைமெய்யைக் கண்டால், முன்னுள்ள உயிர் குறில் என்று மட்டும் கொண்டு, மெய்யை ஒருமுறை ஒலித்தல் போதும்.

இம்முறையைத் தளராது கையாண்டவர் ஒருவர் இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஓர்ம் என்னும் துறவி, சுவிசேஷப் பகுதிகளுக்கு விளக்கமாக ஒரு நெடும்பாட்டு இயற்றினார். அசையிறுதியிற் குறிலுக்குப் பின் வரும் மெய்யை எங்கும் இரட்டியே எழுதினார். படி எடுப்போரும் அங்ஙனமே இரட்டி எழுதுதல் வேண்டும் என்று முன்னுரையில் வற்புறுத்தினார். எளிய மக்கள் முன்னிலையில் வேதவாக்கைப் படிப்போன் பிழையாகப் படித்தல் ஆகாது என்பது அவர் கவலை போலும். அக்கவலை நம் ஆலயங்களில் ஆங்கிலப் பாடம் வாசிக்க எழும் மாணவனுக்கும் உரியது. ஆனால் படியெடுப்போர் ஒருவரும் அவர் வழியைப் பின்பற்றவில்லை. அவர் கையெழுத்துப்படி ஒன்றே எஞ்சி ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது. பின்வந்தார் அவர் முறையைக் கொண்டிருப்பின் இக்கட்டுரைக்குத் தேவை பாதி குறைந்திருக்கும்.

விதி மீறும் சொற்கள் சிலவற்றையும் கூறியாக வேண்டும். அன்பைக் குறிக்கும் லவ், கொடுத்தலைக் குறிக்கும் கிவ், உடைமையைக் குறிக்கும் ஹாவ் ஆகியவற்றின் இறுதியில் ஊமை ‘ஈ’ இருந்தும் உயிர் நெடிலாவதில்லை. ‘வீ’ என்னும் எழுத்தைச் சொல்லிறுதியில் தனியே நிறுத்துதல் அவர் மரபன்று. அதற்குத் துணையாக வந்ததே அந்த ‘ஈ’. ஆகவே அதனை நெடிற்குறியாகக் கொள்ளலாகாது. லவ், கம் முதலியவற்றில் ‘யூ’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஓ’ நிற்பதற்குக் காரணம், பழைய எழுத்தாளர் கையெழுத்தில் ‘யூ’, ‘எம்’, ‘என்’, ‘வீ’ ஆகியவை ஒரேவகையான குத்துக்கோடுகளாய்ப் பக்கம் பக்கமாய் நின்று மயக்கியமையே என்பர். இரண்டு ‘ஓ’ சேர்ந்து வருஞ் சொற்களிலும் இத்தகைய விசித்திரம் உண்டு. உணவைக் குறிக்கும் ஃபூட், நன்மையைக் குறிக்கும் குட், குருதியைக் குறிக்கும் பிளட் மூன்றும் ஓரெழுத்துக்கோவையின. மூன்றும் ஒருகாலத்தில் ஓகாரம் உடையன. மூன்றும் ஊகாரமாக ஏறின. பிளட் முற்படக் குறுகி அகரம் போன்ற ஒலியாயிற்று, குட் பிற்படக் குறுகி உகரத்தளவில் நின்றது, ஃபூட் குறுகவேயில்லை.

தமிழெழுத்துக்கும் இத்தகைய குறை ஒருகாலத்தில் இருந்தது. ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும் ஒருவடிவாய் எழுதப்பட்டன. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. குறிலுக்குப் புள்ளியிடுதல் இலக்கணவிதியாயினும், எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்றஞ்சிப் புள்ளியை விடுத்தனர். இத்தாலி நாட்டிற் பிறந்து தமிழகத்தில் தொண்டு புரிந்த வீரமாமுனிவர் பெயரால் வழங்கும் சீர்திருத்தம், நெடிலுக்கு வேறு வடிவு தந்து இக்குறையைத் தீர்த்தது. ஆங்கிலத்தையும் ஒருவர் இவ்வாறு திருத்தலாகாதோ என்று மாணவர் வினவுவதுண்டு. திருத்த முயன்றோர் பலர். அவர் கூறியன சிறிதே ஏற்கப்பட்டன. முனிவர் திருத்தியது மாத்திரை ஒன்றே வேறுபட்ட இணைகளை. ஒரு சுழி போதுமாயிற்று. ஆங்கில இணைகளோ முற்றும் பிரிந்துபோனவை. ஒலிக்கேற்ப எழுதப் புகின் கிறைஸ்டும் கிறிஸ்மஸும் உறவற்ற இருசொற்கள் போலக் காணப்படும். நோம் சோம்ஸ்கியும் மாரிஸ் ஹாலியும் 1968இல் வெளியிட்ட நூலில், சொற்களின் உறவைக் காட்டுதற்கு ஆங்கிலத்தின் வழக்கெழுத்து மிகப் பொருத்தமானது என்று வாதித்தனர். அது சிறிது மிகைபோலும். பிளட் என்னும் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அவர்களோடு உடன்படாது.

வகுப்பிற் செய்யத்தக்கது யாது? ஆங்கிலம் கற்பிக்குங்கால் குறில், நெடில் என்னும் சொற்களை விலக்கிவிடுதலே நலம் என்பது எம் கருத்து. எழுத்துத் தன் பெயரை ஒலிக்குமிடத்துப் பெயரோசை என்றும், பிறவிடத்து மற்றையோசை என்றும் கூறினாற் சிறுவன் நீட்டவும் குறுக்கவும் முயலான். பைன் என்பதிற் கேட்பது ‘ஐ’ என்னும் எழுத்தின் பெயரே என்று தானே கண்டுகொள்வான். அதன்மேல், நேம் என்பதிலும் நோட் என்பதிலும் வரும் ஏகாரமும் ஓகாரமும் தென்னிங்கிலாந்தார் வாயில் சிறிது வழுக்கி முடிதலையும் காட்டலாம். ஆயினும் அங்ஙனம் வழுக்காமையைப் பெருங்குற்றமாகக் கொள்ளவேண்டா. ஸ்காட்லாந்தினர் அவ்விரண்டையும் நம்மைப் போலவே தூயவையாய் ஒலிப்பர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர் முதலாய ஆசிரியர் பலர் அந்நாட்டினரே. நாம் காத்துக்கொள்ள வேண்டுவது கப்பலும் ஆடும் மயங்காமையையே. நம் இகரம் ஈகாரத்தின் குறுக்கமாயிருத்தலின், நாம் கூறும் ஷிப் ஆங்கிலர் செவிக்குச் சிலபோது குறுகிய ஷீப் போலப் படும். நாவைச் சிறிது தளர்த்தி எகரத்தின் பக்கமாகத் தாழ்த்தினால் மயக்கம் நீங்கும்.

ஐயுறுவோர் அகராதிகளை நோக்குக. டானியல் ஜோன்ஸ் 1917இல் முதன்முதல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதியில், ஷிப் என்பதன் உயிருக்கும் ஷீப் என்பதன் உயிருக்கும் குறி ஒன்றே. பின்னதன் அருகில் நீளத்தைக் காட்டும் இருபுள்ளி மட்டும் உண்டு. 1977இல் கிம்ஸன் திருத்தி வெளியிட்ட பதினான்காம் பதிப்பில் இருபுள்ளி நீங்கவில்லை; ஆனால் இரண்டு உயிர்களுக்கும் வெவ்வேறு வடிவுள்ள குறிகள் தரப்பட்டிருக்கின்றன.